இருபது கீர்த்தனை பாடுகிறவளுக்கு ஒரு பக்கம் ஏன் நிற்பதில்லை?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மகள் ஏழாம் வகுப்பு, நான்கு வருடமாக வாய்ப்பாட்டு கற்கிறாள். சேர்த்தபோது "பாட்டு கற்றால் ஞாபகசக்தி கூடும், கணக்கு நன்றாக வரும்" என்று சொன்னார்கள். கணக்கு மதிப்பெண் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே பாட்டை நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் டியூஷன் வைக்கலாமா என்பது ஒன்று. இருபது கீர்த்தனையைப் புத்தகம் பார்க்காமல் பாடுகிறவளுக்குச் சமூக அறிவியலில் ஒரு பக்கம் ஏன் மறுநாள் வரைகூட நிற்பதில்லை என்பது இன்னொன்று.

முதல் கேள்வியை என்னிடம் நிறையப் பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். இரண்டாவதை இவ்வளவு தெளிவாக யாரும் கேட்டதில்லை. உங்கள் மகளுக்கு உபயோகமான பதில் அதற்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நான் உளவியல் படித்தவள். இருபது வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித் தருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அந்த வாக்குறுதி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1993-இல் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். கல்லூரி மாணவர்கள் 36 பேர். பத்து நிமிடம் மொசார்ட்டின் இரட்டைப் பியானோ இசையைக் கேட்கவைத்து, உடனே மடித்து வெட்டிய காகிதத்தை விரித்தால் எப்படி இருக்கும் என்பது போன்ற வடிவக் கணக்குகளைக் கொடுத்தார்கள். சும்மா அமைதியாக உட்கார்ந்திருந்தபோது வாங்கியதைவிட ஐக்யூ கணக்கில் எட்டு ஒன்பது புள்ளி அதிகம் வாங்கினார்கள். அந்த உயர்வு பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைந்தும் போனது. 'நேச்சர்' இதழில் ஒரே பக்கத்தில் வந்த சின்னக் கட்டுரை அது. அதில் குழந்தைகள் கிடையாது, இசை கற்றலும் கிடையாது, ஞாபகசக்தியும் கிடையாது. பெரியவர்கள், கேட்பது, காகிதம் மடிப்பது, அவ்வளவுதான்.

அது ஊர் சுற்றி வந்தபோது "மொசார்ட் கேட்டால் குழந்தை புத்திசாலியாகும்" என்று ஆகிவிட்டது. 1998-இல் ஜார்ஜியா மாகாண ஆளுநர் செல் மில்லர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் ஒதுக்க வேண்டும் என்று கேட்கிற அளவுக்குப் போனது. அடுத்த வருடமே மற்ற ஆய்வுக்கூடங்கள் திரும்பச் செய்து பார்த்து, அந்த விளைவு கிடைக்கவில்லை என்று எழுதின. கனடாவில் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. மொசார்ட்டுக்குப் பதிலாக ஒரு கதையைப் படித்துக் கேட்கவைத்தார்கள். கதையை விரும்பியவர்கள் கதைக்குப் பிறகு நன்றாகச் செய்தார்கள், இசையை விரும்பியவர்கள் இசைக்குப் பிறகு நன்றாகச் செய்தார்கள். மனசு உற்சாகமாக இருந்தால் கொஞ்ச நேரம் மூளை சுறுசுறுப்பாக இருக்கிறது. ஒரு டம்ளர் நல்ல காபி செய்கிற வேலை.

சரி, கேட்பது வேறு, கற்பது வேறு. வருடக்கணக்கில் கற்றால்? இதற்கும் ஒரு நல்ல சோதனை உண்டு. டொராண்டோவில் கிளென் ஷெல்லன்பெர்க் என்ற உளவியலாளர் ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரைக் குலுக்கல் முறையில் நான்காகப் பிரித்தார். ஒரு பிரிவுக்குக் கீபோர்டு, ஒரு பிரிவுக்கு வாய்ப்பாட்டு, ஒன்றுக்கு நாடகப் பயிற்சி, இன்னொன்றுக்கு எதுவும் இல்லை. 36 வாரம். 2004-இல் முடிவு வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்குமே ஐக்யூ புள்ளி ஏறியிருந்தது, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம் அது. இசை கற்றவர்களுக்கு ஏழு புள்ளி, மற்றவர்களுக்கு நாலு சொச்சம். வித்தியாசம் மூன்று புள்ளிக்கும் கீழே. நாடகம் கற்ற பிள்ளைகளுக்கு மற்றவர்களோடு பழகும் குணம் மேம்பட்டிருந்தது, அது இசைப் பிள்ளைகளுக்கு வரவில்லை. இந்த இரண்டாவது பாதியை இசை வகுப்பு நோட்டீஸ்களில் யாரும் போடுவதில்லை.

அதற்கப்புறம் வந்தவை இன்னும் அடக்கமாகவே சொல்கின்றன. 2020-இல் சாலா, கோபே என்ற இருவர் 54 ஆய்வுகளை, கிட்டத்தட்ட ஏழாயிரம் பிள்ளைகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். குலுக்கல் முறையில் பிரித்து, ஒப்பிடும் பிள்ளைகளுக்கும் வேறு ஏதாவது ஒரு பயிற்சி கொடுத்த ஆய்வுகளை மட்டும் எடுத்தால், இசையால் படிப்பிலோ பொது அறிவுத்திறனிலோ வந்த லாபம் பூஜ்யத்தை ஒட்டி நின்றது. ஸ்வீடனில் இரட்டையரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. ஒரே கரு இரட்டையரில் ஒருவர் நிறைய இசைப் பயிற்சி செய்திருப்பார், இன்னொருவர் குறைவாக. ஐக்யூவைப் பார்த்தால் அதிகம் பயின்றவர் மற்றவரைவிட உயர்ந்து நிற்கவில்லை.

அப்படியானால் பாட்டு கற்கிற பிள்ளைகள் படிப்பிலும் கெட்டிக்காரர்களாக நம் கண்ணுக்குத் தெரிவது ஏன்? என் வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வருடா வருடம் விஜயதசமியன்று இருபது பிள்ளைகள் சேர்வார்கள். சரளி வரிசை தாண்டி, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று ஏறி வர்ணத்துக்கு வரும்போது ஐந்து பேர் மிஞ்சுவார்கள். யார் அந்த ஐந்து பேர்? வாரம் இரண்டு நாள் வண்டியில் கொண்டுவந்து விட அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ நேரம் இருக்கிற வீடு. ஃபீஸ் கட்டமுடிகிற வீடு. ஒரே இடத்தில் நாற்பது நிமிடம் உட்காரப் பொறுமை உள்ள குழந்தை. சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிற குழந்தை. இந்தப் பிள்ளைகள் பாட்டுக்கு வராமல் செஸ் வகுப்புக்குப் போயிருந்தாலும் நன்றாகத்தான் படித்திருப்பார்கள். போய்விட்ட பதினைந்து பேரை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை. வகுப்பு ஆரம்பித்த புதிதில் நானும் பெற்றோரிடம் "படிப்புக்கு நல்லது" என்று சொல்லியிருக்கிறேன். தெரியாமல் சொன்னதுதான், ஆனாலும் இப்போது வருத்தமாக இருக்கிறது. அந்த வார்த்தையை நம்பிச் சேர்த்த அம்மா, கணக்கில் மதிப்பெண் ஏறாததும் குழந்தையின் மேலும் பாட்டின் மேலும் ஏமாற்றம் கொள்கிறார். அது இரண்டுக்குமே அநியாயம்.

இதனால் இசைப் பயிற்சி மூளையில் எதையும் மாற்றுவதில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மாற்றுகிறது, ஆனால் பயின்ற இடத்தில் மாற்றுகிறது. 1995-இல் ஜெர்மனியில் வயலின், செல்லோ போன்ற தந்தி வாத்தியக்காரர்களின் மூளையை அளந்தார்கள். தந்தியை அழுத்தும் இடதுகை விரல்களுக்கு, அதிலும் சுண்டுவிரலுக்கு, மூளையில் ஒதுங்கிய இடம் சாதாரண ஆட்களைவிடப் பெரிதாக இருந்தது. சின்ன வயதில் ஆரம்பித்தவர்களுக்கு இன்னும் பெரிது. வில் பிடிக்கும் வலதுகைக்கு அப்படி எதுவும் இல்லை. ஒரே ஆள், ஒரே வாத்தியம், இரண்டு கை. உழைத்த விரலுக்கு மட்டும் கூலி.

காதும் அப்படித்தான், இங்கேதான் படிப்போடு உண்மையான ஒரு தொடர்பு இருக்கிறது. 1998-இல் ஹாங்காங்கில் கல்லூரிப் பெண்கள் அறுபது பேரைச் சோதித்தார்கள். பாதிப் பேர் பன்னிரண்டு வயதுக்குள் ஆறு வருடமாவது வாத்தியம் கற்றவர்கள். சொற்பட்டியலை வாசித்துக் காட்டித் திரும்பச் சொல்லச் சொன்னால் அவர்கள் 16 சதவீதம் அதிகச் சொற்களைச் சொன்னார்கள். படங்களைப் பார்த்துத் திரும்ப வரையச் சொன்னால் இரண்டு தரப்பும் சமம். 2017-இல் 29 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே வடிவம்தான் தெரிந்தது. இசை பயின்றவர்களுக்கு ஸ்வரங்களை நினைவில் வைப்பதில் பெரிய முன்னிலை, சொற்களில் ஓரளவு முன்னிலை, கண்ணால் பார்த்ததில் அநேகமாக ஒன்றுமில்லை. இவை ஏற்கெனவே இசை கற்றவர்களையும் கற்காதவர்களையும் ஒப்பிட்டவை. அதனால் என் வகுப்பின் அந்த ஐந்து பேர் கதை இங்கேயும் கொஞ்சம் கலந்திருக்கும். ஆனால் எங்கே அதிகம், எங்கே குறைவு என்ற அந்த வரிசை காரணத்தோடுதான் இருக்கிறது.

ஒரு போன் நம்பரை யாராவது சொன்னால் எழுதும் வரை என்ன செய்கிறோம்? மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறோம். உள்ளே ஓடும் அந்தக் குரல்தான் சொற்களைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கிறது. சத்தங்களை நுணுக்கமாகப் பிரித்துக் கேட்கும் காதுக்கு அந்தப் பிடி கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். லாஸ் ஏஞ்சல்ஸில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாக இசை கற்றுத்தரும் ஓர் அமைப்போடு சேர்ந்து நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நினா கிராஸ் என்பவரின் குழு இதை அளந்தது. நெருங்கிய ஒலிகளைப் பிள்ளைகளின் மூளை பிரித்தறியும் நுட்பம் பயிற்சியால் கூடியது. ஆனால் ஒரு வருடத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வருடம் முடிந்த பிறகே தெரிந்தது. கோடை விடுமுறை வகுப்பில் சேர்த்துவிட்டு ஜூன் மாதம் பலன் தேடும் பெற்றோருக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது.

உங்கள் மகளிடம் இதைக் கவனித்துப் பாருங்கள். சொல்வதெழுதுதலில் ல, ள, ழ குழப்பம் குறைவாக இருக்கிறதா? புது ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்பை ஒரு தடவை கேட்டதும் பிடிக்கிறாளா? அப்படி இருந்தால் பாட்டுக்கு அதில் கொஞ்சம் பங்கு இருக்கலாம். கணக்கில் தேடினால் கிடைக்காது. தகதிமி நாலு, தகிட மூன்று, தகதகிட ஐந்து என்று தாளத்தின் எட்டு அட்சரத்துக்குள், அதாவது எட்டு எண்ணிக்கைக்குள், அடக்கிப் போடுகிற பிள்ளைக்குப் பின்னம் கையில் புழங்கியிருக்கிறது, உண்மைதான். ஆனால் கணக்கு நோட்டில் முக்காலையும் மூன்றில் ஒன்றையும் கூட்டும்போது அந்தக் கையும் இந்தப் பேனாவும் ஒன்றையொன்று தெரிந்துகொள்வதில்லை. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து இரண்டையும் அறிமுகப்படுத்த வேண்டும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி.

இருபது கீர்த்தனை அவளுக்கு எப்படி மனப்பாடம் ஆனது? மனப்பாடம் செய்கிறேன் என்று அவள் ஒரு நாளும் உட்கார்ந்திருக்க மாட்டாள். வகுப்பில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வாத்தியார் பல்லவியின் முதல் வரியைப் பாடினார். அவள் உடனே திருப்பிப் பாடினாள், நோட்டைப் பார்க்காமல், கேட்டதிலிருந்து. தப்பு வந்த இடத்தில் அங்கேயே நிறுத்தினார். அந்த ஒரு சொல்லை மட்டும் மெதுவாக, கையில் தாளத்தோடு, மூன்று நான்கு தடவை. சரியானதும் வரி முழுக்க. அப்புறம் அதே வரியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி அழகுபடுத்திப் பாடும் சங்கதிகள், முதல் சங்கதி, இரண்டாம் சங்கதி. ஒவ்வொரு சங்கதி சேரும்போதும் முந்தையதை மறுபடி பாடித்தான் அடுத்ததுக்குப் போக முடியும். அனுபல்லவி முடிந்ததும் பல்லவிக்குத் திரும்ப வேண்டும், சரணம் முடிந்தும் பல்லவிக்குத் திரும்ப வேண்டும். மூன்று நாள் கழித்து அடுத்த வகுப்பில் வாத்தியார் கேட்ட முதல் வார்த்தை, "போன கிளாஸ்ல எடுத்ததைப் பாடு." பாதி மறந்திருக்கும், முட்டி மோதி ஞாபகப்படுத்தியிருப்பாள். பிறகு நவராத்திரிக் கொலுவில் யாரோ பாடச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த அத்தை பாடச் சொன்னார். கோயிலில் பாடினாள்.

சமூக அறிவியல் பக்கத்தை எப்படிப் படித்தாள்? பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி புத்தகத்தைத் திறந்து ஐந்து தடவை வாசித்தாள். மார்க்கர் பேனாவால் மஞ்சள் அடித்தாள். ஐந்தாவது தடவை வாசிக்கும்போது எல்லாம் பழகின முகமாகத் தெரிந்தது, மூடி வைத்தாள். ஒரு தடவைகூடப் புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பார்க்கவில்லை.

அதே குழந்தைதான், அதே மூளைதான். கற்ற விதம் மாறியது, பலனும் மாறியது.

2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் செய்த சோதனை இதை அப்படியே காட்டுகிறது. மாணவர்களுக்கு ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். சிலர் நாலு முறையும் வாசித்தார்கள். சிலர் ஒரே முறை வாசித்துவிட்டு, மூன்று முறை அதைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டால் நாலு முறை வாசித்தவர்கள்தான் முன்னே, 83 சதவீதம் நினைவில் இருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ். வாசித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. ராத்திரி படித்ததும் "எல்லாம் தெரியும்மா" என்று உங்கள் மகள் சொல்வது பொய்யில்லை. அந்த நேரத்தில் அவளுக்குத் தெரியத்தான் செய்கிறது.

நமது பாட்டு வாத்தியார்கள் ஆய்வு எதையும் படித்து இந்த முறைக்கு வரவில்லை. அச்சும் நோட்டும் இல்லாத காலத்தில், மறந்தால் போயிற்று என்ற நிலையில் உருவான வழி இது. வேதமும் திவ்யப்பிரபந்தமும் சொல்லித்தரும்போது சந்தை சொல்வது என்பார்கள், ஆசிரியர் ஒரு முறை சொல்ல மாணவர் இரண்டு முறை திருப்பிச் சொல்வது. ஓதுவார்கள் தேவாரத்தைப் பண்ணோடு வாய்வழியாக வாங்கிக்கொண்டதும் இந்தக் குடும்பம்தான். மற்ற ராகங்களுக்குத் தாயான 72 மேளகர்த்தா ராகங்களின் பெயரிலேயே எண்ணைப் பூட்டி வைத்தார்கள். எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறையில் 'மா' ஐந்து, 'ய' ஒன்று, 51-ஐத் திருப்பிப் போட்டால் மாயாமாளவகௌளை 15-ஆவது மேளம். 'மே' ஐந்து, 'ச' ஆறு, ஆகவே மேசகல்யாணி 65. எண் கிடைத்தால் அதிலிருந்து ஸ்வரங்களையே பிடித்துவிடலாம். 72 பட்டியலை உருப்போடுவதற்குப் பதில் ஒரு சூத்திரம். கற்பதைப் பற்றி இவ்வளவு யோசித்த ஒரு மரபை, "கணக்கு மதிப்பெண் கூடுமா" என்று மட்டும் கேட்டுவிட்டு விடுவது எனக்கு மனசு கேட்பதில்லை.

தப்பு வந்த இடத்தில் நிறுத்துவது பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் சாதகம், அதாவது பாடிப் பயிற்சி, செய்யும்போது முதலில் போவது அதுதான். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டியூக்கும் அவர் குழுவும் நன்றாகப் பியானோ வாசிக்கும் 17 மாணவர்களுக்கு ஒரு சின்னப் பகுதியைக் கொடுத்து, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பயின்றுகொள்ளச் சொல்லி, மறுநாள் வாசிக்கக் கேட்டார்கள். 2009-இல் வெளிவந்தது. எத்தனை நிமிடம் பயின்றார்கள், எத்தனை தடவை வாசித்தார்கள் என்பதற்கும் மறுநாள் வாசிப்பின் தரத்துக்கும் தொடர்பு இல்லை. வாசித்ததில் எத்தனை பங்கு சரியாக இருந்தது என்பதற்குத்தான் தொடர்பு. மிக நன்றாக வாசித்தவர்களும் முதலில் மற்றவர்கள் அளவுக்குத் தப்பு செய்தார்கள். ஆனால் தப்பு வந்ததும் அது எந்த இடம் என்று கண்டுபிடித்து, வேகத்தைக் குறைத்து, அந்தத் துண்டை மட்டும் சரிசெய்துவிட்டே நகர்ந்தார்கள். மற்றவர்கள் தப்பையும் சேர்த்தே உருப்போட்டார்கள். ஒரு சங்கதியை வாரம் முழுக்கத் தப்பாகச் சாதகம் செய்துகொண்டு வருகிற பிள்ளையைத் திருத்துவது புதிதாகக் கற்றுத்தருவதைவிட எவ்வளவு கஷ்டம் என்பது பாட்டு சொல்லித்தரும் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன். பாட்டின் நினைவும் பாடத்தின் நினைவும் முழுக்க ஒரே சாமான் அல்ல. இங்கிலாந்தில் கிளைவ் வேரிங் என்ற இசைக் கலைஞர் இருந்தார். 1985-இல் வைரஸ் கிருமி மூளையைத் தாக்கியதில், எதையும் சில விநாடிகளுக்கு மேல் நினைவில் வைக்க முடியாமல் போனது. மனைவி அறையை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்தால், பல வருடம் கழித்துப் பார்ப்பதுபோல் வரவேற்பார். அந்த மனிதர் பியானோ முன் உட்கார்ந்தால் வாசித்தார், பாடகர் குழுவை நடத்தினார். கை கற்றதும் தொண்டை கற்றதும் தங்குகிற இடம் வேறு, "நேற்று என்ன நடந்தது" தங்குகிற இடம் வேறு. உங்கள் மகளின் கீர்த்தனைகளில் பாதி அவள் தொண்டையிலும் தாளம் போடும் கையிலும் இருக்கின்றன. சமூக அறிவியல் பாடத்துக்கு அந்த வசதி கிடையாது. அதோடு, சாகித்தியத்தில், அதாவது பாட்டின் சொற்களில், எதுகையும் மோனையும் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்கும். தாளம் இத்தனை எழுத்துதான் இங்கே கொள்ளும் என்று வேலி போடும். பாடநூல் வாக்கியம் இப்படி எந்தக் கையும் கொடுக்காது.

அப்படியானால் பாடத்தையே பாட்டாக்கிவிடலாமா என்று கேட்பீர்கள். கொஞ்சம் செய்யலாம். மெட்டோடு கேட்ட வரிகள் வெறுமனே கேட்டவற்றைவிட நன்றாக நிற்கும் என்று 1994-இல் வாண்டா வாலஸ் காட்டினார். ஆனால் மெட்டு எளிமையாக இருந்து, பல அடிகளில் திரும்பத் திரும்ப வந்தால்தான். புது மெட்டை ஒரே முறை கேட்டால் கவனம் மெட்டுக்கும் சொல்லுக்கும் நடுவே சிதறிவிடும். எடின்பரோவில் 2014-இல் அறுபது பேருக்குப் பதினைந்து நிமிடத்தில் ஹங்கேரிய மொழிச் சொற்றொடர்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். பாடிக் கற்றவர்கள், பேசிக் கற்றவர்களைவிட நன்றாகத் திருப்பிச் சொன்னார்கள். ஆகவே புது மொழி, வாய்ப்பாடு, பெயர் வரிசை, இதற்கெல்லாம் மெட்டு நல்லது. ஆனால் ஒரு குறை உண்டு. மெட்டில் கட்டியது மெட்டின் வரிசையில்தான் அவிழும். ராகம் போட்டு வாய்ப்பாடு சொல்லும் பிள்ளையிடம் ஏழெட்டு எவ்வளவு என்று கேளுங்கள், ஓரேழ் ஏழிலிருந்து ஆரம்பித்து வரும். ஒரு போர் ஏன் நடந்தது என்கிற மாதிரி விஷயத்தை அப்படிக் கட்ட முடியாது. படிக்கும்போது பின்னணியில் பாட்டு ஓடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். வரிகள் உள்ள பாட்டு வேண்டாம். உள்ளே ஓடும் குரலும் வெளியே ஓடும் குரலும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும்.

உங்களால் செய்ய முடிவது வேறொன்று. கீர்த்தனை கற்ற முறையைப் பாடத்துக்கு அவளே எடுத்துப்போகக் கற்றுத்தாருங்கள். இது தானாக நடக்காது. நானும் வருடக்கணக்கில் தானாக நடக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் வந்துகொண்டிருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வரலாற்றுப் புத்தகத்தோடு அழுதுகொண்டு வந்தாள். "இந்தப் பக்கத்தை ஒரு கீர்த்தனைன்னு வெச்சுக்கோ, பல்லவி எது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் முழித்தாள். அப்புறம் ஒரு வாக்கியத்தைக் காட்டினாள், சரியான வாக்கியம்தான். மற்றப் பத்திகள் ஒவ்வொன்றும் அந்த வாக்கியத்துக்கு எப்படித் திரும்பி வருகின்றன என்று பார்த்தோம். முதல் பத்தியை வாசித்தாள், மூடினாள், சொன்னாள். விட்டுப்போனதை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிச் சொன்னாள். இரண்டாம் பத்தி, அப்புறம் இரண்டையும் சேர்த்து. அரை மணி நேரம் ஆனது. அடுத்த வகுப்பில் பாட்டுக்கு முன்னால் அந்தப் பக்கத்தைத்தான் கேட்டேன். தட்டுத் தடுமாறி முக்கால்வாசி சொன்னாள். அவளுக்கே ஆச்சரியம். அதைவிட, தனக்கு ஞாபகசக்தி இல்லை என்று அவள் அதற்கப்புறம் சொல்லவில்லை.

ஒரே பாடத்தை இரண்டு மணி நேரம் பிடித்துத் தொங்க வேண்டாம். வகுப்பில் நாம் வரிசை, வர்ணம், கீர்த்தனை என்று மாற்றி மாற்றித்தான் பாடுகிறோம். கிளாரினெட் கலைஞர்கள் பத்துப் பேரிடம் 2016-இல் கனடாவில் செய்து பார்த்ததில், ஒன்றையே தொடர்ந்து பயின்றதைவிட மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பயின்ற உருப்படிகள் பெரும்பாலும் மேலாக இருந்தன. சின்னச் சோதனைதான், ஆனால் மற்றப் படிப்புகளிலும் இதே போக்கு தெரிந்திருக்கிறது. அப்புறம் தூக்கம். புதிதாகக் கற்ற விரல் வரிசை ஒரு ராத்திரித் தூக்கத்துக்குப் பிறகு இன்னும் சரியாக வருவதை அளந்திருக்கிறார்கள். பரீட்சைக் காலத்தில் பிள்ளையை ஒரு மணி வரை விழிக்கவைப்பது அன்று படித்ததற்கே கேடு.

பாட்டை நிறுத்தலாமா? என் கருத்தைக் கேட்டால், வேண்டாம். மதிப்பெண்ணுக்காகச் சேர்த்தீர்கள், மதிப்பெண் வரவில்லை, அந்தக் கணக்கு அத்தோடு முடியட்டும். பன்னிரண்டு வயதில் ஒரு பெண் இருபது உருப்படி பாடுகிறாள், அதுவே ஒரு சொத்து. பாட்டு வேறு எதற்காவது பிரயோஜனப்பட்டால்தான் இருக்கலாம் என்ற நிபந்தனையை நாம் ஏன் போட வேண்டும்? நேரம் போதவில்லை என்றால் குறையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக இரண்டு மணி நேரம் பாடுவதைவிட வாரத்தில் ஐந்து நாள் இருபது நிமிடம் நல்லது, தொண்டைக்கும் நல்லது. அவளுக்கே இஷ்டமில்லை என்றால் அது வேறு விஷயம். அவளிடமே கேளுங்கள், அவள் சொல்வதை மதியுங்கள். டியூஷன் தேவைப்பட்டால் வையுங்கள். ஆனால் அங்கேயும் ஐந்து தடவை வாசிக்கத்தான் சொல்வார்கள் என்றால், பிரச்சினை வீட்டிலிருந்து டியூஷனுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

இன்று சாயங்காலம் ஒன்று செய்து பாருங்கள். அவளுக்குப் பிடித்த கீர்த்தனையைப் பல்லவியிலிருந்து வேண்டாம், சரணத்தில் இருந்து எடுக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் திணறினால், பாட்டை அவள் சங்கிலியாக வைத்திருக்கிறாள் என்று அர்த்தம், ஒரு கண்ணி அறுந்தால் மேடையில் ஆரம்பத்துக்கே போக வேண்டியிருக்கும். அனுபவப்பட்ட பாடகர்கள் இதற்காகவே பாட்டின் நடுவில் நாலைந்து இடங்களை மனசில் குறித்து வைத்துக்கொண்டு, எங்கிருந்து வேண்டுமானாலும் எடுக்கப் பழகுவார்கள். அவளையும் பழகச் சொல்லுங்கள். சரணம் சுலபமாக வந்துவிட்டால், சமூக அறிவியல் புத்தகத்தை எடுத்து, போன வாரப் பாடத்தின் மூன்றாவது பத்தியில் என்ன இருந்தது என்று கேளுங்கள். தெரியாது என்பாள். "சரி, பல்லவி எது?" என்று கேட்டு அங்கிருந்து ஆரம்பியுங்கள்.